ஓத மின்சாரம்

'டைடல் பவர்' என்பதைச் செய்திகளில் 'கடல் அலை மின்சாரம்' என்று எழுதிவிடுகிறார்கள். திருத்திக்கொள்ள வேண்டிய பிழை இது. அலை காற்றால் எழுவது. சில நொடிகளுக்கு ஒன்றாகக் கரையில் மோதும். நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல்மட்டமே உயர்ந்து தாழ்வது 'டைட்'. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். இதற்குத் தமிழில் ஓதம் என்று பெயர்.

ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் காலம் என்பதே. அதன் உறவான ஜெர்மன் 'ட்சைட்' இன்றும் காலத்தைத்தான் குறிக்கிறது. வேளை தவறாமல் வரும் நீருக்கு அந்தப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. நம் ஓதமோ நீரிலேயே பிறந்த சொல். வெள்ளம், கடல், ஈரம் என்றெல்லாம் அகராதிகள் பொருள் தருகின்றன. மழைக்காலத்தில் சுவரில் ஈரம் படர்ந்தால் 'ஓதம் ஏறியிருக்கிறது' என்கிறோமே, அதே ஓதம்தான். அலை என்றும் ஒரு பொருள் உண்டு. ஆனால் உயர் ஓதம், தாழ் ஓதம் என்று பாடநூல்கள் நிலைப்படுத்திவிட்ட பிறகு குழப்பத்துக்கு இடமில்லை. இலங்கையில் வற்றுப்பெருக்கு என்பார்கள். வற்றுவதையும் பெருகுவதையும் சேர்த்தே சொல்லும் அருமையான சொல். கூட்டுச்சொற்கள் ஆக்குவதற்கு மட்டும் ஓதம் கைக்கு இசைவாக இருக்கிறது: ஓத மின்சாரம், ஓத மின்நிலையம், ஓத வீச்சு.

ஓத வீச்சு என்பது உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள உயர வேறுபாடு. மின்சாரம் கிடைக்குமா என்பதை முடிவு செய்வது இதுதான். பிரான்சின் லா ரான்ஸ் கழிமுகத்தில் இது சராசரியாக 8 மீட்டர். அங்கே 750 மீட்டர் நீள அணை கட்டி, 1966இல் ஓத மின்நிலையத்தைத் திறந்தார்கள். ஓதம் ஏறும்போது மதகுகள் வழியே நீரை உள்ளே விடுகிறார்கள். உச்சத்தில் மதகுகளை மூடுகிறார்கள். வெளியே கடல் போதுமான அளவு இறங்கியதும், தேங்கிய நீர் டர்பைன்களைச் சுழற்றிக்கொண்டு வெளியேறுகிறது. டர்பைன்கள் 24, மொத்தத் திறன் 240 மெகாவாட். தென்கொரியாவின் சிஹ்வா நிலையம் 2011இல் 254 மெகாவாட்டுடன் வரும்வரை உலகில் இதுவே பெரியது. சிஹ்வாவில் முறை நேர்மாறு: ஓதம் ஏறும்போதே மின்சாரம் எடுக்கிறார்கள்.

இந்தியாவில் ஓத வீச்சு மிகுந்த இடங்கள் குஜராத்தின் காம்பே, கட்ச் வளைகுடாக்கள். சென்னைக் கரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991இல் இயங்கத் தொடங்கிய 150 கிலோவாட் நிலையத்தையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அங்கே அலை எழும்பி, அறைக்குள் இருந்த காற்றைத் தள்ளியது. அந்தக் காற்று டர்பைனைச் சுழற்றியது. அலை மின்சாரம் என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும்.