எத்தன மணிக்கு வந்துச்சு?

வீட்டுக்குள்ளயே நடக்கற பேய்க்கதைங்கனா எனக்கு உசுரு. பாழடஞ்ச பங்களா, சுடுகாடுலாம் வேணாம், நம்ம சமையல்கட்டு, மாடிப்படி, பீரோ கண்ணாடி, இதுல ஏதோ ஒண்ணு லேசா மாறி இருந்தா போதும் வயித்த கலக்கிடும். அதுலயும் வந்தது பேயா இல்ல அந்தப் பொண்ணோட மனசானு கடைசி வரைக்கும் சொல்லாமயே முடிப்பாங்க பாருங்க, அதான் கெட்டிக்காரத்தனம். ஆனா பகல்ல கிருஷ்ணகிரில மனநல டாக்டரா உக்காந்திருக்கற எனக்கு அப்படி விட்டுட்டு எந்திரிக்க முடியாது.

அதனால பேய் இருக்கா இல்லையாங்கற பஞ்சாயத்துக்கே நான் போறதில்ல. எத்தன மணிக்கு வந்துச்சு? படுத்திருந்தீங்களா, உக்காந்திருந்தீங்களா? வேற யாருக்காச்சும் தெரிஞ்சுச்சா? இவ்ளோதான் கேப்பேன். (ஆளு அடையாளமெல்லாம் மாத்திதான் எழுதறேன்.)

ஓசூர் சிப்காட்ல ஷிப்ட் வேலை பாக்கற பையன். நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்து அமுக்கறாங்க மேடம், கண்ணு தொறந்திருக்கு, ஃபேன் சுத்தறது தெரியுது, பக்கத்துல ரூம்மேட் குறட்டை விடறது கேக்குது, நானும் கத்தறேன் கத்தறேன் சத்தமே வரலங்கறான். அமுக்குவான் பேய்னு கயிறு கட்டி, எலுமிச்சம்பழம் சுத்தி, கடைசில வீட்டையே மாத்திருக்காங்க, பழைய ஓனர் பெயிண்ட் செலவுனு அட்வான்ஸ்ல கைவெச்சதுதான் மிச்சம், பேய் புது வீட்டுக்கும் வந்துடுச்சு. மணி கேட்டா காலைல ஒம்பது, பத்து! எல்லாமே நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து மல்லாக்க படுத்த நாளு. கனவு வர்ற தூக்கத்துல நாம எந்திரிச்சு ஓடிடக்கூடாதுனு மூளை கை காலை பூட்டி வெச்சிருக்கும், சில சமயம் நாம முழிச்சுடுவோம் ஆனா அந்தப் பூட்டு இன்னும் தொறந்திருக்காது, பாதி கனவும் கூடவே ஓடிட்டிருக்கும். சில செகண்டு, மிஞ்சிப்போனா சில நிமிஷம். நூத்துல ஏழெட்டு பேருக்கு ஆயுசுல ஒரு தடவையாச்சும் வர்றதுதான். ஒருக்களிச்சு படு, தூக்கத்தை ஒழுங்குபண்ணு, வந்தா சுண்டுவிரலை மட்டும் அசைக்கப் பாருனு சொல்லி அனுப்பினேன். சிரிக்கறப்போ முட்டி தொய்ஞ்சு போறது, பகல்ல அடக்கமுடியாத தூக்கம், இதுவும் சேந்து இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட போயிடணும்.

வீட்ல எல்லாருக்கும் ஒண்ணா தலவலி, குமட்டல், யாரோ நடக்கற மாதிரி சத்தம், வெளிய போனா சரியாயிடுது, இப்படின்னா நான் மனச விட்டுட்டு பாத்ரூமைப் பத்தி கேப்பேன். 1921ல வில்மர்னு ஒரு அமெரிக்க கண் டாக்டர் இப்படி ஒரு 'பேய் வீட்ட' பத்தி எழுதியிருக்கார், கடைசில பாத்தா வீட்டை சூடாக்கற உலை பழுதாகி கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயு ரூமுக்குள்ள வந்துட்டிருந்திருக்கு. அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது. காத்து போகாத பாத்ரூம்ல கேஸ் கீசர் எரிஞ்சாலும் இதே வாயுதான் சேரும். மார்கழில ஓசூர், தளி பக்கம் குளிர் தாங்காம வெண்டிலேட்டர்ல அட்டைய அடைச்சிட்டு கேஸ் கீசர் போடறவங்க தயவுசெஞ்சு அந்த அட்டைய இன்னிக்கே எடுத்துடுங்க, கீசரை பாத்ரூமுக்கு வெளிய மாட்டுங்க.

பென்னாகரம் பக்கத்துலருந்து ஒரு பாட்டிய மகன் கூட்டிட்டு வந்தார். தனியா பேசறாங்க, காத்து கருப்பு அண்டிருச்சுனு ஊர்ல சொல்றாங்களாம். மகனை வெளிய உக்கார வெச்சதும் பாட்டி குரலை தாழ்த்திட்டு, "கண்ணு, பைத்தியம்னு எழுதிடாத, நாலஞ்சு புள்ளைங்க வருதுங்க, ஒண்ணு செவப்பு பாவாடை, பேசறதில்ல, சும்மா நிக்குதுங்க, நெசம் இல்லனு எனக்கே தெரியும், இருந்தாலும் பச்சபுள்ளைங்க பாரு, களி கிண்டறப்போ சூடு பட்டுரும் தள்ளி நில்லுங்கனு சொல்வேன்"னாங்க. கண்ணைப் பாத்தா ரெண்டுலயும் புரை முத்தி வெள்ளையா இருக்கு. கை நடுக்கம், மறதி எதும் இல்ல, இருந்திருந்தா கதை வேற. பார்வை குறையறப்போ மூளை தானா படம் போட்டு காட்டும், சார்லஸ் போனேனு ஒருத்தர் 1760லயே தன் தாத்தாவுக்கு இப்படி ஆள், பறவையெல்லாம் தெரிஞ்சத எழுதி வெச்சிருக்கார், அவருக்கும் புரைதான். இது பைத்தியம் இல்லனு சொன்னதும் பாட்டி அழுதுட்டாங்க. எத்தன மாசமா வாயத் தொறக்காம இருந்திருக்காங்களோ.

எல்லாமே இப்படி லேசா முடியறதில்ல. முழிச்சிருக்கறப்போவே குரல் கேக்குது, திட்டுது, செத்துப்போனு சொல்லுது, சோத்துல விஷம் வெச்சுட்டாங்கங்கறாங்கன்னா தள்ளிப்போடாதீங்க, வேப்பிலையால அடிச்சு ஒரு வருஷத்த வீணாக்கிட்டு வர்ற குடும்பத்த பாத்தா எனக்கு கோவம்தான் வருது. 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

பாட்டி ஒரு கண்ணுல ஆபரேஷன் முடிச்சிட்டு திரும்ப வந்தாங்க. மத்த புள்ளைங்க காணோம், செவப்பு பாவாடை மட்டும் அப்பப்போ வருதாம். எத்தன மணிக்குனு கேட்டேன். "விளக்கு வெக்கற நேரம்"னாங்க. அரை வெளிச்சத்துலதான் இது அதிகம் வரும், அஞ்சரைக்கே சமையல்கட்டு லைட்ட போட்டுடுங்கனு மகன்கிட்ட சொல்லி அனுப்பினேன்.