பீன்ஸ் நாரில் ஒளிந்திருக்கும் காட்டுக் குணம்

திருநெல்வேலியில் மறுவீட்டுச் சொதிக்குக் காய் நறுக்க உட்கார்ந்தால், பீன்ஸில்தான் வேலை அதிகம். கேரட்டும் உருளைக்கிழங்கும் தோல் சீவினால் முடிந்தது. பீன்ஸுக்குக் காம்பைக் கிள்ளி, முதுகோடு நாரை உரித்து, திருப்பிப் பிடித்து மறுபக்கத்து நாரையும் இழுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பந்தியில் யார் பல்லிலாவது மாட்டும். சமையலுக்கு உதவாத அந்த நார் காய்க்குள் எதற்கு?

காட்டு பீன்ஸ் ஒரு கொடி. வட மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை மலைச் சரிவுகளில் செடி கொடிகளைப் பற்றிக்கொண்டு ஏறும். நெற்று சின்னது, விதையும் சின்னது. நெற்றின் இரண்டு விளிம்பிலும் நார் ஓடும். அது போக, ஓட்டின் உள்பக்கம் சாய்வாகப் படிந்த இன்னொரு நார் அடுக்கும் உண்டு. வெயிலில் ஈரம் வற்ற வற்ற, உள் அடுக்கு ஒரு திசையிலும் வெளித்தோல் வேறு திசையிலும் சுருங்கப் பார்க்கும். ஒன்றை விட்டு ஒன்று விலக முடியாது. அதனால் ஓடு முறுக்கேறிக்கொண்டே போகும். விளிம்பு தாங்காத கட்டத்தில் டப்பென்று பிளந்து, இரண்டு ஓடும் திருகாணிபோலச் சுருள, விதை தள்ளிப் போய் விழும். நாம் உரித்து எறியும் நார் இந்த ஏற்பாட்டின் மிச்சம்தான்.

இதைப் பார்க்க மெக்சிகோவுக்குப் போக வேண்டியதில்லை. பழைய நெல்லை மாவட்டத்துக் கரிசல் காடுகளில் உளுந்து எடுப்பவர்கள் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். பனி ஈரம் இருக்கும்வரை முற்றிய நெற்று அடங்கிக் கிடக்கும். உச்சி வெயிலில் கை பட்டாலே வெடித்து, பாதி மண்ணுக்குப் போய்விடும். உளுந்து இந்தியாவிலேயே காட்டுச் செடியிலிருந்து பயிரானது. பயிராகி இத்தனை காலம் ஆகியும் வெடிக்கும் குணம் அதை முழுதாக விடவில்லை.

செடிக்கு வெடிப்பதில் லாபம், பறிப்பவருக்கு நஷ்டம். வெடிக்காமல் தங்கிய நெற்றுதான் வீட்டுக்கு வரும், அடுத்த விதைப்புக்கும் அதுவே போகும். யாரும் திட்டம் போடாமலே அப்படிப்பட்ட செடிகள் பெருகின. பீன்ஸில் இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் மரபணுக்களில் ஒன்று, சோயாவிலும் இதே காரணத்துக்காகத் தனியாகத் தேர்வாகியிருக்கிறது. பீன்ஸில் அந்த மாற்றம் அதிகம் தென்படுவது வறண்ட வட மெக்சிகோவின் ரகங்களில். கரிசல்காரருக்கு இதை விளக்க வேண்டாம். காற்று எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு சேதம், அங்கே வெடிக்காத செடிக்கு அவ்வளவு மவுசு.

இதைவிட ஆச்சரியம், பீன்ஸ் இரண்டு தடவை பயிராகியிருக்கிறது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் ஒரு தடவை, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் தனியாக இன்னொரு தடவை. காட்டுக் கொடியோ அதற்கு வெகு முன்னாலேயே, ஏறக்குறைய 1,65,000 ஆண்டுகளுக்கு முன், இரண்டு கிளையாகப் பிரிந்துவிட்டதாக 2014-ல் வெளிவந்த மரபணுத் தொகுதி ஆய்வு கணக்கிட்டது. பொதுவாக மெக்சிகோ கிளையின் விதை சிறியது, ஆண்டீஸ் கிளையினுடையது பெரியது. மளிகைக் கடையில் இதே பீன்ஸின் காய்ந்த விதைகளான பெரிய ராஜ்மாவும் சின்னக் கறுப்பு பீன்ஸும் பக்கத்துப் பக்கத்துச் சாக்கில் இருந்தால், இந்தப் பழைய பிரிவினையைத்தான் பார்க்கிறோம்.

ஒரே இனம்தானே, இரண்டையும் கலந்தால் நல்ல ரகம் வராதா? வரும், ஆனால் எப்போதும் அல்ல. மெக்சிகோ கிளையில் ஒரு மரபணுவும் ஆண்டீஸ் கிளையில் ஒரு மரபணுவும் இருக்கின்றன. தத்தம் வீட்டில் இரண்டும் சாது. ஒரே செடியில் சந்தித்தால் வேர் சரியாக வளராமல் செடி குட்டையாக நின்றுவிடும், சில சமயம் செத்தே போகும். நோய் எதிர்ப்பு, மகசூல் என்று ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாகச் சேர்ந்த சொத்தை மறு கிளைக்குக் கொண்டுபோவதற்கு இது ஒரு பெரிய முட்டுக்கட்டை.

ஆண்டீஸ் கிளைக்கு இன்னொரு குறையும் உண்டு. வடக்கிலிருந்து போய்ச் சேர்ந்த கொஞ்ச விதைகளிலிருந்து கிளைத்தது என்பதால், மனிதன் கை வைப்பதற்கு முன்பே அதன் மரபணு வகைமை குறுகியிருந்தது. பயிராக்கியபோது அதிலும் ஒரு பகுதி மட்டுமே நம்மோடு வந்தது.

சரி, நாருக்கு வருவோம். நாரில்லாத பீன்ஸ் 1890-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கால்வின் கீனி என்ற விதைக்காரர் பிரித்தெடுத்தது. பின்னர் மரபணுவைப் பார்த்தால் விசித்திரம்: அங்கே ஒரு மரபணு கெட்டுப்போகவில்லை, இரட்டித்துப்போய் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அந்த இரட்டிப்பு எப்போதாவது கழன்றுவிட்டால், நாரில்லாத ரகத்து விதையிலிருந்தே நாருள்ள செடி முளைக்கும். விதைக் கம்பெனிக்குத் தலைவலி, வாங்கியவருக்கு ஏமாற்றம்.

நெல்லைச் சீமைக்காரருக்கு இதைவிட நேரடியான கேள்வி ஒன்று உண்டு. நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வரும் பீன்ஸ் ஏன் மலையிலிருந்து இறங்க வேண்டும், தாமிரபரணிக் கரையில் போட்டால் என்ன? செடி வரும், பூவும் பூக்கும். இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்கு மேலேயே நின்றால் மகரந்தம் பழுதாகிப் பூ கொட்டிவிடும். மலை நாட்டில் பிறந்த செடிக்கு நம் ஊர் ராத்திரி ஒத்துவராது. பயிரான பீன்ஸுக்குள் இதற்குப் பெரிய மருந்து கிடைக்காததால், ஆராய்ச்சியாளர்கள் பக்கத்து இனமான டெப்பரி பீன்ஸிடம் போனார்கள். அது மெக்சிகோ எல்லைப் பாலைவனத்துச் செடி, வெயில் அதற்குப் பழக்கம். இரண்டையும் கலந்தால் கரு பாதியிலேயே கருகிவிடும் என்பதால், கருவைத் தனியே எடுத்து ஆய்வகத்தில் வளர்க்க வேண்டியிருந்தது. பல்லாயிரக்கணக்கான பீன்ஸ் விதை வகைகளைச் சேமித்து வைத்திருக்கும் கொலம்பியாவின் சியாட் நிறுவனம், 2015-ல் வெப்பம் தாங்கும் பீன்ஸ் வகைகளை அறிவித்தது. அவற்றில் சிலவற்றில் ஓடுவது டெப்பரியின் மரபணு.