நீலம் எப்போது வெளுக்கும்?

கும்பகோணத்து டிகிரி காபிக்கு அந்தப் பெயர் லாக்டோமீட்டரால் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. தண்ணீர் கலக்காத பாலா என்று அந்தக் குழல் காட்டிவிடும். ஆனால் அது பார்ப்பது அடர்த்தியை மட்டுமே. லட்சக்கணக்கில் பாக்டீரியா இருக்கும் பச்சைப்பாலிலும் அது அதே டிகிரியில்தான் மிதக்கும்.

சித்திரையில் தஞ்சாவூர்ப் பக்கம் விடிவதற்கு முன்பே புழுங்குகிறது. கறந்த பால் கேனில் ஏறி, சொசைட்டிக்குப் போய், குளிரூட்டும் தொட்டியில் இறங்கும்வரை அந்தப் புழுக்கத்தில்தான் இருக்கிறது. கறந்த பாலுக்கு இயல்பாகவே கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி உண்டு, ஆனால் அது சில மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் கிருமியின் கை ஓங்கும். சூடும் தீனியும் தோதாக அமைந்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்றாக இருந்தது 3 மணி நேரத்தில் 512 ஆகிவிடும்.

இந்தக் கூட்டத்தை நுண்ணோக்கி இல்லாமலே காட்டிக்கொடுப்பது மெத்திலீன் நீலம் என்ற சாயம். சோதனைக் குழாயில் 10 மில்லி பாலோடு 1 மில்லி சாயக் கரைசலைச் சேர்த்து மூடி, 37 டிகிரி சூட்டில் வைத்து நேரம் பார்ப்பார்கள். பாக்டீரியா முதலில் பாலில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். தீனியை எரிக்கும்போது வெளிவரும் எலக்ட்ரானை இறக்கிவைக்க அதற்கு வேறு இடம் வேண்டுமே, சாயத்தின் மேல் இறக்கும். எலக்ட்ரானை வாங்கிய சாயம் நிறமிழக்க, பால் பழையபடி வெள்ளையாகும். வெளுத்த குழாயைத் திறந்து நன்றாகக் குலுக்கினால் காற்றுப் பட்டு நீலம் திரும்பி வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. நீலம் 5 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மிக நல்ல பால், அரை மணிக்குள் வெளுத்தால் மோசமான பால்.

கூட்டம் பெரிதா சிறிதா என்பதோடு சாயத்தின் வேலை முடிந்தது. உள்ளே இருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. மாட்டுக்குக் கரு கலைந்துபோகும் கன்று வீச்சு நோயையும் மனிதருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டுவலியையும் தரும் புருசெல்லா என்ற பாக்டீரியாவைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. சாயமேற்றிய, செத்த புருசெல்லாவைப் பாலில் கலப்பார்கள். நோய் கண்ட மாட்டின் பாலில் அதற்கு எதிரான புரதங்கள் இருக்கும். அவை அந்தக் கிருமிகளைக் கொத்தாகக் கட்டிக் கொழுப்புத் துளிகளோடு மேலே ஏற்றிவிடும். மேலே நீல வளையமும் கீழே வெள்ளைப் பாலும் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். சீம்பாலும் மடிநோய் கண்ட பாலும் சில நேரம் பொய்யாக வளையம் காட்டும்.

என்னைக் கவலைப்பட வைப்பது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான். வீங்கிய மடியிலிருந்தும் கறப்பவர் கைப்புண்ணிலிருந்தும் அது பாலுக்கு வரும். காய்ச்சினால் செத்துவிடும், சரி. ஆனால் பால் சூட்டில் கிடந்தபோது அது பெருகிக் கக்கிய நஞ்சு கொதிநிலையையும் தாங்கும். அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க, முட்டை மஞ்சள் கலந்த ஊட்டக்கூழ் பரப்பிய தட்டில் பாலைத் தடவி வளர்க்கிறார்கள். பளபளக்கும் கறுப்புப் புள்ளி, சுற்றிலும் தெளிந்த வளையம் என்று அது முளைக்கும். அதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். காலையில் கறந்த பால் அன்றைக்கே காபியாகிவிடும். ஆனால் அதே மாட்டின் நான்கு காம்பிலும் தனித்தனியாகப் பால் எடுத்து வளர்த்தால், எந்தக் காம்பின் பால் நாளைக்குக் கேனில் சேரக்கூடாது என்று அந்தத் தட்டு சொல்லிவிடும்.