பிரஷர் 110 என்றாலும் பயப்பட வேண்டிய நேரம் உண்டு

ஆடி மழை தொடங்கினால் இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் நெஞ்சுச் சளிக்காரர்கள் வரிசையாக வருவார்கள். அப்படி ஒரு காலையில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவை மகன் முச்சக்கர வண்டியில் கூட்டிவந்தார். நாலு நாளாகக் காய்ச்சல், இருமல். பிரஷர் 110/60. "இருமுதுன்னு பிரஷர் குளிசைய நிப்பாட்டினோம் டொக்டர், பாருங்க, நல்லா இறங்கியிருக்கு" என்றார் மகன்.

அம்மாவின் மடியில், ஷொப்பிங் பேக்கில் சுற்றிய கிளினிக் கொப்பி. பிரித்தால் மாதாமாதம் 168, 172, 165. அந்த அளவுக்குப் பழகிய உடம்புக்கு 110 என்பது சுகமான கணக்கு இல்லை. கிருமி இரத்தத்தில் பரவி நாளங்கள் தளர்ந்துவிட்டால் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் இரத்தம் போதாது. முதல் நாள் மத்தியானத்திலிருந்து சரியாகச் சிறுநீர் போகவில்லை என்று கேட்டபிறகுதான் சொன்னார். மூச்சை எண்ணினேன், நிமிஷத்துக்கு 34. நிமோனியா, அதாவது நுரையீரலில் கிருமித் தொற்று. ஒட்சிசன், சேலைன், அன்டிபயோட்டிக் என்று ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினோம். கொப்பி மட்டும் இல்லாவிட்டால் நானும் அந்த 110ஐப் பார்த்து நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன்.

வருஷக்கணக்காகப் பிரஷர் ஏறியே இருந்தால் இதயத் தசை தடித்து விறைத்துப்போகும். காய்ச்சலும் ஒட்சிசன் குறைவும் சேர்ந்து இதயத்தை விரட்டும்போது, அந்த விறைத்த இதயம் விரிந்து நிரம்ப நேரமில்லாமல் தண்ணீர் நுரையீரலில் தேங்குகிறது. சளியால் வந்த மூச்சுத்திணறலா இதயத்தால் வந்ததா என்று எங்களுக்கே குழப்பமாகிவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் 2018இல் வெளியான ஆய்வொன்று, இன்ஃப்ளுவென்சா காய்ச்சல் உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு மற்ற நாட்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு அதிகம் என்று காட்டியது. வயது, நீரிழிவு, சிறுநீரக நோய் எல்லாம் பிரஷரோடு சேர்ந்தே வருவதால் பழி முழுவதையும் பிரஷர் மேல் போட முடியாது, சரி. ஆனால் கட்டுப்பாட்டில் வைக்க நம் கையில் இருப்பது அதுதானே.

கொரோனா வந்த 2020இல் லொசார்ட்டன், எனலப்ரில் போன்ற பிரஷர் குளிசைகள் ஆபத்து என்று பேச்சுக் கிளம்பிப் பலர் நிறுத்தினார்கள். பிரேசிலில் 659 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். நிறுத்தியதால் நன்மை எதுவும் இல்லை. எனலப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும், உண்மைதான். அதற்காக நீங்களே நிறுத்தாதீர்கள், வந்து சொன்னால் மாற்றித் தருவோம். வாந்தி, வயிற்றோட்டம், தலைச்சுற்று இருந்தால் மட்டும் சில நாள் நிறுத்த நேரலாம், அதையும் டொக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

அப்புறம், பார்மசியில் கேட்டு வாங்கும் தடிமன் மாத்திரை. மூக்கடைப்புக்கென்று அதில் சேர்க்கும் பினைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் இரண்டுமே பிரஷரை ஏற்றக்கூடியவை. மேல்வலிக்கு டைக்ளோபெனக் போட்டால் பிரஷரும் ஏறும், சிறுநீரகமும் வாடும். காய்ச்சலுக்கு அளவாகப் பரசிட்டமோல் போதும்.

வீட்டில் பெரியவர்களுக்கு மூச்சு நிமிஷத்துக்கு 30ஐ எட்டினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று லயத்திலேயே வைத்திருக்காதீர்கள், ராத்திரியே வண்டி பிடியுங்கள். கிளம்பும்போது கிளினிக் கொப்பியையும் குளிசை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.