இரண்டு தவளை இதயங்களும் கொஞ்சம் உப்புநீரும்

நரம்பு தன் சேதியை ரசாயனமாக அனுப்புகிறதா என்று சோதிக்கும் வழி ஒன்றைக் கனவில் கண்டு, நடுராத்திரி மூன்று மணிக்கு விழித்த விஞ்ஞானி ஓட்டோ லோவி, விடியும்வரை காத்திராமல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். முந்தின இரவும் இதே கனவுதான். அரைத்தூக்கத்தில் கிறுக்கி வைத்த குறிப்பு, காலையில் அவருக்கே புரியாமல் போயிருந்தது.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் அவர் செய்த அந்தச் சோதனை 1921இல் வெளியானது. உப்புநீரில் துடிக்கும் இரண்டு தவளை இதயங்கள். ஒன்றில், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மற்றதில் நரம்பே இல்லை. நரம்பை மின்சாரத்தால் தூண்டியதும் முதல் இதயம் மெதுவானது. அதிலிருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு சொன்ன சேதி தண்ணீரில் கரைந்து வந்திருக்கிறது. அந்தச் சேதியைச் சுமந்த ரசாயனத்தின் பெயர் அசிட்டைல்கோலின் என்பது பிறகு தெரிந்தது. 1936இல் லோவிக்கும் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நரம்பு செல்லுக்குள் சேதி மின்சாரமாகத்தான் ஓடுகிறது. சும்மா இருக்கும்போது செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டப்பட்டதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, அது பக்கத்து இடத்தையும் தூண்டுகிறது, இப்படியே வெடித்திரியில் நெருப்பு போல முனைவரை போகிறது. முனைக்கு அப்பால் சினாப்ஸ் என்கிற இடைவெளி. அகலம் ஏறத்தாழ 20 நானோமீட்டர்தான், ஆனாலும் பெரும்பாலான இடங்களில் மின்சாரம் அதைத் தாண்டாது. முனைக்குள் கால்சியம் நுழைகிறது. அங்கே காத்திருக்கும் நுண்பைகள் தங்களிடமுள்ள ரசாயனத்தை இடைவெளியில் கொட்டுகின்றன. அது அக்கரையில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ள, அடுத்த செல் விழிக்கிறது. எல்லாம் சில மில்லிவினாடிக்குள்.

கொட்டியதை உடனே துடைத்தாகவும் வேண்டும். இதை நாம் அதிகம் பேசுவதில்லை. அசிட்டைல்கோலினை உடைக்க அங்கேயே ஒரு நொதி இருக்கிறது. வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் முடக்குவது அந்த நொதியைத்தான். பூச்சிக்கு நடப்பதே மனிதருக்கும் நடக்கிறது. சேதி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதால் வாயில் எச்சில் வழிகிறது, வியர்வை கொட்டுகிறது, கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்குகிறது, தசைகள் துடித்துத் துடித்துக் கடைசியில் செயலிழக்கின்றன.

மருத்துவமனையில் முதலில் ஏற்றுவது அட்ரோபின். சுரப்பிகளிலும் இதயத்திலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஏற்பிகளை அது அடைத்துவிடும், சளியும் எச்சிலும் வற்றும். ஆனால் மூச்சுவிட உதவும் தசைகளில் இருப்பது வேறு வகை ஏற்பி, அங்கே அட்ரோபின் எடுபடாது. அதனால்தான் தெளிந்துவிட்டதாகத் தெரிபவரைக்கூட வென்டிலேட்டரில் வைக்க வேண்டி வருகிறது. இந்த நஞ்சு தோல் வழியாகவும் இறங்கும். மருந்தடித்துவிட்டு, நனைந்த சட்டையோடு வரப்பில் சாப்பிட உட்காருபவரைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். முதலில் அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள், சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிவிட்டுச் சாப்பிடட்டும்.