பெல்டேன்: வசந்த விழா அல்ல, வேனில் கால்கோள்

மே 1 வந்தால் போதும், அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் பெல்டேன் விழாவைத் தமிழில் 'வசந்த விழா' என்று எழுதிவிடுகிறார்கள். இது பிழை. விழாவின் உட்பொருளையே குலைக்கும் பிழை.

'பெல்டேன்' பழைய ஐரிஷ் சொல். பின்பாதியான 'தெனெ' நெருப்பு. முன்பாதி 'ஒளிமிக்க' என்று பொருள்படும். அயர்லாந்தின் காஷெல் நகர அரசரும் ஆயருமான கோர்மாக்கின் (இறப்பு 908) பெயரில் வழங்கும் சொற்களஞ்சியம் 'நற்பேற்றுத் தீ' என்கிறது. பெலெனஸ் என்னும் கடவுளோடு இணைத்து 'பெல் கடவுளின் தீ' என்று சிலர் தரும் விளக்கத்தை விட்டுவிடலாம்: அக்கடவுளுக்கான கல்வெட்டுகள் வட இத்தாலியிலும் கோல் நாட்டிலும் (இன்றைய பிரான்ஸ் பகுதி) கிடைத்தவை, அயர்லாந்தில் அல்ல.

இனி 'வசந்தம்'. இம்மக்களின் மரபான கேல்டிக் ஆண்டில் பருவங்களைத் திறக்கும் நான்கு வாயில்கள் உண்டு: நவம்பர் 1 சாவின், பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா. அவர்களுக்கு வசந்தம் இம்போல்க்கில் பிறந்து ஏப்ரல் 30-இல் முடிந்துவிடும். பெல்டேனை வசந்த விழா என்பவர்கள் இம்போல்க்கை என்னவென்று அழைப்பார்கள்? அதையும் வசந்த விழா என்றே எழுதுகிறார்கள்! ஐரிஷ் மொழியில் மே மாதத்தின் பெயரே பெல்டேன்தான். ஜூனின் பெயருக்கோ 'நடுவேனில்' என்று பொருள். ஜூன் நடு என்றால் மே வேனிலின், அதாவது கோடைப் பருவத்தின், தொடக்கம். 'சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில், அதுதானே வசந்தம்' என்பார்கள். அது நம் வெயிலுக்கு வகுத்த கணக்கு. அயலார் விழாவை அயலார் பருவத்தில் வைத்துத்தான் பெயரிட வேண்டும்.

வழக்கங்களைப் பார்த்தாலும் இது விளங்கும். இது பூப் பார்க்கும் விழா அல்ல. பனிக்காலம் முழுதும் தாழ்நிலத்தில் கிடந்த மாடுகளை மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டும் நாள். சாவின் வரை அவை அங்கேதான். அதனால்தான் இரண்டு தீ மூட்டி, நடுவே மந்தையை ஓட்டினார்கள். நோய் அண்டாது என்பது நம்பிக்கை. ஒற்றைத் தீயாக வரைந்து 'சொக்கப்பனை' என்று பெயரிடுவதும் இதனால் தவறு: சொக்கப்பனை நட்டுவைத்து எரிக்கும் ஒரு மரம்; இதில் முக்கியம் இரு தீக்கும் இடையே உள்ள வழி. அன்று பாலும் வெண்ணெயும் அடுப்புத் தணலும் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. போனால் ஆண்டு முழுவதற்குமான பால் வளம் கூடவே போய்விடும் என்று அஞ்சினார்கள்.

ஸ்காட்லாந்து மேய்ப்பர் சடங்கை இயற்கையாளரும் பயண எழுத்தாளருமான தாமஸ் பென்னன்ட் 1769 பயணத்தில் பதிந்திருக்கிறார். நடுவில் புல்கரணை (புல்லோடு கூடிய மண்) நிற்க, சுற்றிலும் சதுரமாகப் பள்ளம் வெட்டுவார்கள். விறகுத் தீயில் முட்டை, வெண்ணெய், ஓட்ஸ் மாவு, பால் சேர்த்துக் காய்ச்சி, முதலில் கொஞ்சம் நிலத்தில் ஊற்றுவார்கள். ஓட்ஸ் அடையில் ஒன்பது சதுரக் குமிழ்கள் இருக்கும். தீயை நோக்கி நின்று ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தோளுக்குப் பின்னால் எறிவார்கள்: சில மந்தையைக் காப்பதாக நம்பப்பட்ட ஆற்றல்களுக்கு, சில நரிக்கும் காக்கைக்கும் கழுகுக்கும். ஆட்டுக்குட்டிகளை விட்டுவிடு என்பதே வேண்டுதல். இதில் வசந்தம் எங்கே?

'கோடை விழா' என்பது பருவத்தைச் சரியாகச் சொன்னாலும் காதில் வறட்சியை ஏற்றுகிறது. அங்கே மே மாதப் பகல் 15 டிகிரி அளவுதான். 'மே தினம்' என்றால் நமக்குத் தொழிலாளர் நாள். என் பரிந்துரை 'வேனில் கால்கோள்'. கால்கோள் என்றால் தொடக்கம். சிலப்பதிகாரத்தில் இந்திர விழா தொடங்குவதைச் சொல்லும் சொல். ஆங்கில விழாப் பட்டியலில் கண்டதை அப்படியே தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறை ஐரிஷ் மாதப் பெயர்களைப் புரட்டியிருந்தாலே இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது.

முதல் முறை எழுதும்போது 'பெல்டேன் என்னும் வேனில் கால்கோள்' என்று இரண்டையும் சேர்த்து எழுதலாம். அடுத்தடுத்து பெல்டேன் மட்டும் போதும். எடின்பரோவின் கால்டன் குன்றில் 1988 முதல் நடப்பதை மட்டும் 'பெல்டேன் தீ விழா' என்றே எழுத வேண்டும். அது அந்த நிகழ்ச்சியின் பெயர்.