போர்வெல்லை இன்னும் இறக்கலாமா? கடைமடையின் உப்புத் தண்ணீர்க் கேள்விகள்

"இன்னும் நூறு அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வந்துவிடுமா, சார்?" நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் காவிரிப் பாசனத்தின் கடைசி எல்லையான கடைமடை ஊர்களுக்கு நிலத்தடி நீர் ஆய்வுக்குப் போனால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரத்தநாடு, மன்னார்குடிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் நல்ல தண்ணீர் வருவதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் கடலோரத்தில் அந்தக் கணக்கு பெரும்பாலும் செல்லாது. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரின் உள்ளங்கையில் தேங்காய் எழுந்தே நின்றாலும், கீழே இருப்பது உப்பா நல்லதா என்று அது சொல்லப்போவதில்லை.

கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்புநீர் சற்றுக் கனமானது, அவ்வளவுதான். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும் என்பது நிலநீரியலின் பழைய கணக்கு. மோட்டார் ஓட்டி அந்த ஓர் அடியை இழந்தால், கீழிருக்கும் உப்பும் 40 அடி ஏறப் பார்க்கும். உடனே ஏறாது, மெல்ல ஏறும். "போன வருஷம் வரை நன்றாகத்தானே இருந்தது" என்ற புலம்பல் அதனால்தான். இந்த நிலையில் போர்வெல்லை ஆழப்படுத்துவது, உப்பைத் தேடிப் போய் அழைத்துவருவதாகும்.

கடல் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலும் உப்பு வருகிறதே? சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் வேதாரண்யம் பகுதியில் கடற்கரை இன்றிருப்பதைவிட உள்ளே இருந்தது. கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணல்மேடுகள் இன்னும் வரிசையாகக் கிடக்கின்றன. அந்தக் காலத்துக் கடல்நீரின் மிச்சமும் களிமண் அடுக்குகளுக்குள் கிடக்கிறது. மணல்மேடுகளில் மட்டும் மழைநீர் இறங்கி மேலாக நிற்கும். அங்கே ஆழமில்லாத ஊற்றில் இறைத்தே பயிர் செய்கிறார்கள். அந்த மேட்டைச் சமப்படுத்தி மணலை விற்றவர், தன் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்தே விற்றுவிட்டார்.

ஆற்று நீர் கடலில் கலந்தால் வீண் என்ற பேச்சை எல்லா மேடையிலும் கேட்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கழிமுகம் வரை ஓடும் நீர்தான் கடலை எதிர்த்து நிற்கிறது. ஓட்டம் குறைந்து, மணல் அள்ளி ஆற்றுப்படுகையும் தாழ்ந்துவிட்டால், கடலில் ஓதம் ஏறும்போது உப்புநீர் ஆற்றின் வழியாகவே மேலேறிக் கரையோரக் கிணறுகளுக்குள் இறங்கும்.

இனி, பரிசோதனை. குளிர்பான பாட்டிலில் ஆரஞ்சு வாசனையோடு தண்ணீர் கொண்டுவருகிறார்கள். அதை அளந்து பயனில்லை. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய பிறகு பிடியுங்கள். தண்ணீரில் உப்பு கூடினால் அதன் மின்கடத்துத் திறனும் கூடும். அந்தத் திறன் ஒரு மீட்டருக்கு 2 டெசிசீமென்ஸ் (அதை அளக்கும் அலகு) வரை இருந்தால் நெல் பொதுவாகத் தாங்கும். கடல்நீர் 50-ஐத் தொடும். நூறு குடத்தில் ஐந்து குடம் கடல்நீராக இருந்தாலே நெல்லின் எல்லை தாண்டிவிடும். கோடையில் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை என்று அளந்து எழுதிவைத்தால், உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

வயலில் வெள்ளை பூத்ததும் ஜிப்சம் மூட்டை வாங்க ஓட வேண்டாம். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மருந்து. உப்பு மட்டும் மிகுந்த உவர் மண்ணுக்கு நல்ல தண்ணீரைக் கட்டி வடிப்பதுதான் வழி. 2004 சுனாமியில் உப்பேறிய நாகை வயல்கள் பலவும் அடுத்து வந்த பருவமழைகளில் கழுவுண்ட பிறகே தேறின. கட்டிய தண்ணீர் உப்போடு வெளியேற வேண்டும் என்பதால், வடிகால் தூர்ந்து கிடந்தால் கையிருப்புப் பணத்தை முதலில் அங்கே போடுங்கள். மண் பரிசோதனை முடிவு வந்தபின் ஜிப்சத்தைப் பற்றி யோசிக்கலாம்.